பதினாறாவது சிப்பாய்: ஊர்ச் செஸ் கிளப் வாழ்வியல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வேட்டுக்கு முன்னோடி ஒருவர் வேண்டும். அவர் வெளிநாட்டவராகவும் காலமானவராகவும் இருந்துவிட்டால் நெறியாளர் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. ஆகவே ஹெச்.ஜே.ஆர். மரே. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மரேயின் மகன். பழைய சுவடிகளைப் படிப்பதற்காகவே அரபு மொழி கற்றவர். 1913இல் அவர் வெளியிட்ட சதுரங்க வரலாறு 900 பக்கம் ஓடுகிறது. இவ்வளவு உழைத்தவர், நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வராந்தாவில் ஞாயிறுதோறும் கூடும் செஸ் கிளப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அப்போது கிளப்பே இல்லையே என்று சமாதானம் சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஆய்வு இடைவெளி இல்லாமல் போய்விடும். இடைவெளி இல்லாத இடத்தில் முனைவர் பட்டம் விளைவதில்லை.

ஆய்வு எல்லை வருமாறு. கிழக்கே நூலகத்தின் புத்தக அலமாரி, மேற்கே டீக்கடை பெஞ்சு. மாலை நான்கு மணி முதல், நூலகர் சாவிக்கொத்தை மேசைமேல் ‘டங்’கென்று போடும் வரை. முதன்மைத் தரவுகள்: கிளப்பின் வரவு செலவு நோட்டு, டீக்கடைக் கணக்கு நோட்டு, பெஞ்சின் அடிப்பாகம். துணைமைத் தரவுகள்: வாய்க்கு வந்தவை. விளக்கமுறை ஆய்வும் ஒப்பீட்டு முறை ஆய்வும் பின்பற்றப்பட்டுள்ளன. தேவையான இடங்களில் அமைப்பியல் தூவப்பட்டுள்ளது. செஸ் கிளப்பில் செஸ் ஆடுவது ஒரு துணைத்தொழில் என்பதே கருதுகோள்.

இயல் 1: தொன்மை

எதை எடுத்தாலும் அதன் தொன்மையை நிறுவாமல் அடுத்த பத்திக்குப் போவது நம் மரபன்று. சதுரங்கம் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டளவில் வட இந்தியாவில் உருப்பெற்று, பாரசீகம், அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா சேர்ந்தது என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் கருத்து. எங்கள் பொருளாளர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் காட்டும் சான்று டவுன் பஸ் ஏறிப் பார்க்கக் கூடியது. பக்கத்துத் திருப்பூவனூரில் கோயில்கொண்டிருக்கும் சிவனுக்குச் சதுரங்க வல்லபநாதர் என்று பெயர். ராஜராஜேஸ்வரி என்னும் இளவரசியைச் சதுரங்கத்தில் வெல்ல ஆளில்லாமல் போக, இறைவனே முதியவர் வேடத்தில் வந்து ஆடி வென்று மணந்தார் என்கிறது தலபுராணம். கோயிலிலிருந்து கிளப்புக்குச் சைக்கிளிலேயே வந்துவிடலாம். எனவே கிளப், கோயிலின் நேரடி வாரிசு. கிலோமீட்டரை நூற்றாண்டாக மாற்றும் இந்த வாய்பாட்டுக்கு ஆய்வுலகில் முன்னுதாரணங்கள் ஏராளம். எல்லாவற்றையும் இங்கே சுட்டினால் சிலருடைய பணி உயர்வு பாதிக்கப்படும்.

செயலாளர் வேறொரு சான்றும் தருவார். வேதாந்த தேசிகரின் பாதுகா சகஸ்ரத்தில் ஒரு செய்யுளின் எழுத்துகளைக் கட்டங்களில் இட்டு, குதிரை தாவும் வரிசையில் வாசித்தால் அடுத்த செய்யுள் கிடைக்கும். சித்திரகவி வல்லவர்கள் அதைச் சதுரங்க துரங்க பந்தம் என்பார்கள். அவ்வளவு காலத்துக்கு முன்பே குதிரை இங்கே சரியாகத் தாவியிருக்கிறது. அப்புறம் என்ன நேர்ந்ததோ, எங்கள் கிளப்பில் வாரம் ஒருமுறையாவது அது நேராகப் போய் நிற்கிறது.

கால வரையறைக்கு வருவோம். இறையனார் களவியல் உரை முச்சங்கங்களுக்கும் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் கொடுக்கிறது. மூன்றும் 37ஆல் மீதியின்றி வகுபடும் என்பதைக் கண்டு ஐயுறுவோர் உண்டு. இவ்வாய்வாளர் ஐயுறவில்லை, வகுத்தால் மீதி வராத வரலாறு கிடைப்பதே அரிது. எங்கள் கிளப்பும் மூன்று கட்டங்களைக் கண்டது. முதற்கழகம் கல்யாண மண்டபத்துப் பந்திக்கூடத்தில் இருந்தது. வைகாசி முகூர்த்தங்கள் அதைக் கொண்டன. இடைக்கழகம் கூட்டுறவுச் சங்கத் திண்ணையில் இருந்தது. யூரியா மூட்டைகள் கொண்டன. இப்போதிருப்பது கடைக்கழகம். இதை எது கொள்ளும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இயல் 2: உறுப்பினர் வகைப்பாடு

உறுப்பினர் மூவகைப்படுவர்: ஆடுவோர், ஆடியோர், ஆடச்சொல்வோர்.

ஆடுவோர்: அன்று முதலில் வந்த இருவர்.

ஆடியோர் என்போர், முன்னொரு காலத்தில் பெரிதாக ஆடியதாகத் தாமே சாட்சி சொல்பவர். இவ்வகைக்குத் தலைமாணாக்கர், கிராண்ட்மாஸ்டர் ஒருவர் ஒரே சமயத்தில் வரிசையாகப் பலருடன் ஆடியபோது அந்த வரிசையில் ஒருவராக உட்கார்ந்து தோற்றவர். முதலில் இவர் பத்தொன்பதாவது நகர்வில் தோற்றார். பொங்கலுக்குப் பொங்கல் இரண்டு நகர்வு தள்ளித் தோற்றுக்கொண்டிருக்கிறார். இந்த வேகத்தில் போனால், பேரன் கல்யாணத்துக்குள் டிரா செய்துவிடுவார் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

சிறுவர்களை அடுக்கடுக்காகப் பிரித்தறிய வேண்டும். 1988இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனதும் வந்தவர்கள் கீழடுக்கு. அவர்களுக்கு இப்போது வழுக்கை. 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்து, வேட்டி கட்டிய குதிரையான ‘தம்பி’ எல்லாச் சுவரிலும் நின்றபோது வந்தவர்கள் நடு அடுக்கு. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆன மறு ஞாயிறு வந்தவர்கள் மேலடுக்கு. மேலடுக்கின் மாதிரி ஒன்று நேரில் ஆராயப்பட்டது. வயது எட்டு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால்தான் பலகை கண்ணுக்குத் தெரியும். கால் தரைக்கு எட்டாது. எதிரே ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். அவர் ஒவ்வொரு நகர்வுக்கும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு யோசித்தார். பையன் ஒரு கையில் முறுக்கை வைத்துக்கொண்டு மறு கையால் ஆடினான். நகர்வை ஒரே கையால்தான் செய்ய வேண்டும் என்று சர்வதேசச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதி சொல்வதால் இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. முறுக்கு தீர்வதற்குள் மேட் ஆயிற்று. “தாத்தா, மந்திரிய அங்க வச்சிருக்கக் கூடாது” என்று ஆறுதலும் சொன்னான். அலுவலர் பட்டாவில் கையெழுத்துப் போடுகிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, “வெயில் கண்ல அடிச்சிது தம்பி” என்றார். எதிராளியின் கண்ணில் வெயில் படும்படி பலகையைப் போடு என்று ஸ்பெயின் பாதிரியார் ரூய் லோபஸ் 1561இல் வெளியான தம் நூலில் அறிவுரை கூறியிருப்பதால், இந்த வாதத்துக்கு அச்சிட்ட ஆதாரம் உண்டு.

ரேட்டிங் குறித்தும் ஒரு சொல். அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஆர்பட் எலோ வகுத்த முறையை ஃபிடே 1970இல் ஏற்றது. ஒருவர் எவ்வளவு மோசமாக ஆடுகிறார் என்பதை நான்கு இலக்கத்தில் சொல்லும் முறை அது. 2024 மார்ச் 1 அன்று, 2000க்குக் கீழே இருந்தவர்களின் எண்களை ஃபிடே ஒரு சூத்திரப்படி உயர்த்தி, இனி 1400க்குக் கீழே ரேட்டிங் கிடையாது என்றது. முந்தின இரவு 1000த்தில் படுத்த எங்கள் பொருளாளர் காலையில் 1400இல் எழுந்தார். இடையில் ஒரு காயையும் அவர் தொடவில்லை. ஆடாமலே உயரும் இந்த ஏற்பாடு செஸ்ஸுக்குப் புதிது, பல்கலைக்கழகங்களுக்கு அல்ல.

ஆடச்சொல்வோர் பற்றி இயல் 4இல் காண்க.

இயல் 3: பெண் உறுப்பினர்கள்

தரவு கிடைக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது உறுப்பினர்கள் டீ சொன்னார்கள். (ஆனந்துக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய அம்மா என்பது தனிச் செய்தி, மேலடுக்குச் சிறுவர்களின் அம்மாக்கள் ஆறு மணி வரை வாசல்படியில் உட்கார்ந்திருப்பது இன்னொரு தனிச் செய்தி.)

இயல் 4: நூற்பாவும் உரைகளும்

கிளப்பின் மூலநூல் சுவரில் சாக்பீஸால் எழுதிய ஒரே வரி: “தொட்டால் ஆடணும்.” நூற்பா சுருங்கச் சுருங்க உரை பெருகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. இதற்கு இரண்டு பேருரைகள் உள்ளன. ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. மற்றது சைக்கிள் கடைக்காரருடையது.

தொடுதல் என்பது தோல் மரத்தில் படுவதே. சட்டைக் கை பட்டால் அது சட்டை தொட்டதாகும் என்பது தலைமையாசிரியர் உரை. அவர் முழுக்கைச் சட்டை அணிபவர் என்பதை இங்கே கருத வேண்டும். சைக்கிள் கடைக்காரர் இதை மறுப்பார். “மனசு தொட்டுருச்சுன்னா கை தொட்டாப்லதான் சார். நீங்க ராணியப் பாத்த பார்வையே தொட்ட மாதிரிதான் இருந்துச்சு” என்பது அவர் கட்சி. ஃபிடே விதிகளின் 4ஆம் பிரிவும், நகர்த்தும் எண்ணத்தோடு தொட்டானா என்றுதான் கேட்கிறது. ஆக, பஞ்சர் ஒட்டிக்கொண்டே ஒருவர் அடைந்த முடிவும் சர்வதேசக் கூட்டமைப்பு அடைந்த முடிவும் பெரிதும் ஒத்துப்போகின்றன. இதைச் சுட்டிக்காட்டியபோது தலைமையாசிரியர், ஃபிடே 1924இல் பாரீஸில் தொடங்கியது, பிரெஞ்சுக்காரர்களுக்குத் தொடுதல் பற்றித் தனிக் கருத்து உண்டு என்று சொல்லி, அத்துடன் விவாதத்தை முடித்துக்கொண்டார்.

நகர்த்திய காயிலிருந்து கையை எடுத்தால்தான் அதன் இடம் உறுதிப்படும் என்பதும் விதி. எழுத்தர் ஒருவர் இதில் குடியிருக்கிறார். ராணியைக் கொண்டுபோய் வைத்து, அதன் தலையில் ஆள்காட்டி விரலை ஊன்றியபடி, இடமாகச் சாய்ந்து பார்ப்பார், வலமாகச் சாய்ந்து பார்ப்பார், பலகை மட்டத்துக்குக் குனிந்து பார்ப்பார். அதற்குள் டீ வரும். விரலை எடுக்காமல் இடக்கையால் வாங்கிக் குடித்துவிட்டு, ராணியைப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைப்பார். தொட்டவர் அதையே ஆட வேண்டுமே என்றால், “ஆடுறேன், இருங்க” என்பார். இருப்போம்.

இப்போது ஆடச்சொல்வோர். பார்வையாளர் ஆட்டத்தில் தலையிடக் கூடாது என்று ஃபிடே தெளிவாகச் சொல்கிறது. எங்கள் ஊரில் யாரும் தலையிடுவதில்லை. ‘ச்ச்’ என்பார்கள். அவ்வளவுதான். அது சொல்லன்று, ஆகவே ஆலோசனையும் அன்று. ஆனால் ஒற்றை ‘ச்ச்’ என்றால் யானை போகிறது என்று பொருள்; இரட்டை என்றால் ராஜாவே போகிறார். அதைத் தொடர்ந்து முண்டாசை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தால், மூன்றே நகர்வில் மேட் இருந்தது, அதை நீ பார்க்கவில்லை என்று பொருள்.

இயல் 5: பதிலிக்காய்

இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. மேலே கண்ட இயல்கள் பக்க எண்ணிக்கைக்காக எழுதப்பட்டவை.

ஒரு செட்டில் 32 காய். அவற்றில் 16 சிப்பாய். நூல்கள் எல்லாம் அப்படித்தான் சொல்கின்றன. எங்கள் கிளப்பின் மரச்செட்டில் 31 காய், 15 சிப்பாய். பதினாறாவது எங்கே போனது, எப்போது போனது என்பதில் பள்ளிகள் இரண்டு.

மூல ஆவணம் வரவு செலவு நோட்டின் நடுப்பக்கத்தில் உள்ள ஒரு பதிவு: “செஸ் காய் 1 — கா.போ. — ரூ. 15.” தேதி இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை. முதற்பள்ளியினர் ‘கா.போ.’ என்பதைக் ‘காணாமல் போனது’ என்று விரித்து, சிப்பாய் தொலைந்ததற்கு எழுத்துச் சான்று இதுவே என்பர். ரூ. 15 என்பது அபராதம். இரண்டாம் பள்ளியினர் அதைக் ‘காபி, போண்டா’ என்று விரிப்பர். அவர்கள் கொள்கைப்படி ரூ. 15 என்பது விலை. எண்ணெய்க் கறை அகச்சான்று. அப்படியானால் ‘செஸ் காய் 1’ ஏன் வந்தது என்று முதற்பள்ளி கேட்கும். அது முந்தின வரியின் எச்சம், ஏடு பெயர்த்தெழுதியவர் பிழை என்று இரண்டாம் பள்ளி விடை தரும். கறையே இடைச்செருகல், பிற்காலத்துப் போண்டாவால் ஏற்பட்டது என்று மூன்றாம் கருத்தும் எழுந்துள்ளது (காண்க: டீக்கடைக் கணக்கு நோட்டு, பின்னட்டையின் உட்புறம், தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பால் பாக்கி கூட்டலுக்கும் முருகன் படத்துக்கும் இடைப்பட்ட வெற்றிடம், அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை என்பதே இக்கருத்தின் வலுவான ஆதாரம்). இரு பள்ளியினரும் இப்போது பேசிக்கொள்வதில்லை. ஒருவர் கட்டுரையை மற்றவர் மேற்கோள் காட்டுவதுமில்லை. இதில் மட்டும் அவர்கள் முழுமையாக அறிஞர் தரத்தை எட்டிவிட்டார்கள்.

தொலைந்த காயின் இடத்தில் வந்தவை காலவரிசைப்படி நான்கு.

பொத்தான் காலம் குறுகியது. பொத்தானுக்குரியவரின் மனைவி வந்து வாங்கிப்போனார்.

ஐம்பது காசுக் காலமும் நீடிக்கவில்லை. 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போயின. ஐம்பது காசு சட்டப்படி இன்றும் செல்லும், கடைக்காரர்தான் வாங்குவதில்லை. ஆகவே அது நாட்டில் மதிப்போடு நின்ற ஒரே இடம் எங்கள் பலகைதான். ஒரு ஞாயிறு அதுவும் காணவில்லை.

அமிர்தாஞ்சன் மூடிக் காலத்தில் ஒரு தத்துவச் சிக்கல் விளைந்தது. மூடி எட்டாவது வரிசையை எட்டி ராணியாயிற்று. ராணி ஏற்கெனவே பலகையில் இருக்க, வழக்கப்படி வெட்டுப்பட்ட யானையைக் கவிழ்த்து வைத்தார்கள். 2017இல் கனடா சாம்பியன்ஷிப்பின் பிளேஆஃபில் ஓர் ஆட்டக்காரர் இப்படித்தான் யானையைக் கவிழ்த்து ராணி என்றார். கவிழ்ந்தாலும் யானை யானையே என்று நடுவர் தீர்ப்பளித்து அவர் ஆட்டத்தைக் கெடுத்தார். எங்கள் தலைமையாசிரியர் இந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டினார். சைக்கிள் கடைக்காரர், “மூடிய சிப்பாய்னு ஒத்துக்கிட்டீங்கள்ல சார், அப்ப யானைய ராணின்னு ஒத்துக்கறதுல என்னா கஷ்டம்?” என்று கேட்டார். தலைமையாசிரியர் பதில் சொல்லாமல் மூடியை முகர்ந்து பார்த்தார்.

நான்காவதும் பொற்காலமுமாவது புளியங்கொட்டைக் காலம். தாயம் ஆடுவதற்காக ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெளுக்க வைத்த கொட்டை. வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் வெள்ளைச் சிப்பாய். புரட்டினால் கறுப்புச் சிப்பாய். தொலைந்தது எந்த நிறம் என்ற பழைய சண்டை இதோடு தீர்ந்தது. 1849இல் பதிவாகி, ஸ்டான்டன் பெயரால் உலகமெங்கும் இன்று புழங்கும் காய் வடிவத்துக்குக்கூட இந்த வசதி இல்லை. (ஹவர்டு ஸ்டான்டன் ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியரும் ஆவார். 1858இல் பால் மார்ஃபி அவரோடு ஆட அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தபோது, பதிப்பு வேலை தலைக்குமேல் கிடக்கிறது என்று சொல்லித் தப்பினார். ஆய்வுப் பணியின் உண்மையான பயனை உணர்ந்த முன்னோடி.)

பொற்காலத்தின் நெருக்கடி ஒரு மாலை ஆறரைக்கு வந்தது. ஆட்டம் தலைமையாசிரியருக்கும் எழுத்தருக்கும். பலகை நடுவே தலைமையாசிரியரின் வெள்ளைச் சிப்பாயாகக் கொட்டை நின்றது. ஆட்டமே அதன்மேல்தான் நின்றது. நூலகர் வழக்கம்போல் சாவிக்கொத்தை மேசைமேல் போட்டார். பலகை அதிர்ந்தது. கொட்டை ஒரு குட்டிக்கரணம் அடித்து, அதே கட்டத்தில் கறுப்பாக உட்கார்ந்தது.

“சார், ஒங்காளு நம்ம பக்கம் வந்துட்டாரு” என்றார் எழுத்தர்.

தலைமையாசிரியர் எழுந்தார். 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தையும் அரசியல் சாசனத்தின் பத்தாவது அட்டவணையையும் நின்றபடியே எடுத்துரைத்தார். தாவியவர் உறுப்பினர் தகுதியை இழக்கிறார். ஆகவே கொட்டையைப் பலகையிலிருந்து நீக்க வேண்டும், அல்லது பழைய நிறத்தில் வைக்க வேண்டும். எழுத்தர், தாமாக விரும்பித் தாவவில்லை, நிலநடுக்கத்தில் புரண்டார் என்றார். ஆடச்சொல்வோர் வரிசையிலிருந்து ஒருவர், மூன்றில் இரண்டு பங்குப் பேர் சேர்ந்து போய் இணைந்தால் செல்லும் என்று நினைவூட்டினார். “அது எப்படிங்க, வந்தது ஒத்தக் கொட்டை” என்றார் சைக்கிள் கடைக்காரர். ஆட்டக்காரர் தட்டிவிட்ட காயை அவர் தம் நேரத்திலேயே சரிசெய்ய வேண்டும் என்று ஃபிடே விதி உண்டு. நூலகர் தட்டிவிட்டால் யார் நேரம் என்று அதில் காணோம். கடைசியில் நூலகரையே சபாநாயகராக்கி முடிவு கேட்டார்கள். அவர் இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்டு, முடிவை ஒத்திவைத்து, விளக்கை அணைத்தார். வழக்கு நிலுவையில் உள்ளது. உரிய மரபுப்படியே நடந்திருப்பதாகச் சட்டம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.

பின்னிணைப்பு: அண்மைக் கண்டெடுப்பு

இவ்வாய்வேடு தட்டச்சுக்குப் போகும் நேரத்தில், தேர்தல் வேலைக்காக வராந்தா பெஞ்சை ஊராட்சி ஆட்கள் தூக்கினார்கள். அடியில், பெஞ்சுக் காலுக்கும் சுவருக்கும் இடையே ஒரு சிப்பாய் கிடந்தது. முதற்பள்ளியினர் இனிப்பு வாங்க ஆள் அனுப்பினார்கள். துடைத்துப் பார்த்தபோது அது பிளாஸ்டிக். நிறம் தந்த வெள்ளை. கிளப்பின் மரச்சிப்பாய்களைவிடக் கால் அங்குலம் உயரம். அடியில் பச்சை வெல்வெட் ஒட்டியிருந்தது. நம் செட்டுக்குரியது அன்று.

அவசரப் பொதுக்குழு கூடியது. அயல் சிப்பாயை மரச்செட்டில் சேர்ப்பதைப் புளியங்கொட்டைத் தரப்பு கடுமையாக எதிர்த்தது. இத்தனை நாள் உழைத்ததை வீட்டுக்கு அனுப்புவதா என்பது வாதம். தூக்கி எறியவும் மனம் வரவில்லை. இறுதியில் பொருளாளர் சொத்துப் பதிவேட்டை வரவழைத்து, பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்: “செஸ் செட் — 2. (ஒன்றில் 1 காய் குறைவு, மற்றதில் 31 காய் குறைவு.)” செட் இரண்டாகிவிட்டதால் மாதச் சந்தாவைப் பத்து ரூபாய் உயர்த்துவது என்று தீர்மானம் நிறைவேறியது. இரண்டாவது செட்டின் 31 பதிலிகளைத் திரட்ட மூவர் குழு அமைக்கப்பட்டுள்ளது. வீட்டில் தாயம் ஆடுவோர் கொட்டைகளை ஞாயிறு நான்கு மணிக்குள் செயலாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.